எல்.இ.டி. பட்டையில் நிறங்கள் தாவியதைச் சரிசெய்த விதம்

ஆர்.பி.2040 மைக்ரோகண்ட்ரோலரில் (சிறு கணினிச் சில்லில்), பல வேலைகளை மாறி மாறி ஓட்ட உதவும், ரஸ்ட் நிரல்மொழியின் எம்பஸி சட்டகத்தைக் கொண்டு 60 விளக்குகள் உள்ள டபிள்யூ.எஸ்.2812 பட்டையை இயக்கியபோது, சில விளக்குகள் அவ்வப்போது வேறு நிறத்துக்குத் தாவின. இவ்வகை விளக்கில் ஒரு பிட்டுக்கு ஏறத்தாழ 1.25 மைக்ரோவிநாடியே உண்டு. அது பூஜ்யமா ஒன்றா என்பதை மின்னழுத்தம் உயர்ந்திருக்கும் நேரமே தீர்மானிப்பதால், சிபியு தானே சில்லின் வெளியீட்டு முனையில் (பின்) மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கும் வேளையில், அதை இடைநிறுத்தி வேறு வேலைக்கு இழுக்கும் டைமர் இன்டரப்ட் குறுக்கிட்டால் பூஜ்யம் நீண்டு ஒன்றாகிவிடுகிறது. இன்டரப்டுகளை அடைத்து வைத்தால் நிறம் சரியாகும். ஆனால் 60 விளக்குகளுக்கு ஆகும் 1.8 மில்லிவிநாடியும், பொத்தானைக் கவனிக்கும் டாஸ்க் (நிரலின் தனி வேலை) உட்பட யாவும் முடங்கிக் கிடக்கும் என்பதால் அவ்வழியை நான் ஏற்கவில்லை.

ஆகவே பிட்டுகளை அனுப்பும் வேலையைச் சில்லிலேயே உள்ள, சிபியுவைச் சாராமல் பின்களை இயக்கும் பி.ஐ.ஓ. பகுதியிடம் ஒப்படைத்து, தரவைச் சிபியுவின் உதவியின்றி நகர்த்தும் டி.எம்.ஏ. வழியாக அதற்கு ஊட்டி, அந்த நகர்த்தல் முடியும்வரை அவெய்ட் செய்யுமாறு (பிறவற்றுக்கு வழிவிட்டுக் காத்திருக்குமாறு) நிரலை மாற்றினேன். காத்திருக்கும் அந்த இடைவெளியில் எம்பஸியின் எக்சிகியூட்டர் (டாஸ்குகளை ஓட்டும் பகுதி) மற்ற டாஸ்குகளை ஓட்டுகிறது. எனக்கு இச்சில்லில் மிகவும் பிடித்த பகுதி இதுவே. டி.எம்.ஏ. முடிந்த பின்பும் பி.ஐ.ஓ. வரிசையில் சில பிட்டுகள் எஞ்சியிருக்கக்கூடும் என்பதால், அடுத்த ஃபிரேமை (பட்டை முழுவதற்குமான ஒரு நிறத் தொகுப்பை) அனுப்பும் முன் சிறிது தாமதம் விட வேண்டும். ஃபிரேம்களின் வேகத்துக்கு, ஒவ்வொரு முறையும் புதிதாக நேரம் எண்ணும் டைமரை விட, சீரான இடைவெளியில் துடிக்கும் டிக்கரே ஏற்றது. கணக்கிடும் நேரம் சேர்ந்து சேர்ந்து பின்தங்குவதை அது தடுக்கிறது.