சம வேலைக்குச் சம ஊதியம்: வழக்கைக் கெடுக்கும் தவறுகள்

"அவரும் நானும் ஒரே பதவி; அவருக்கு மட்டும் ஏன் கூடுதல் சம்பளம்?" நியாயமான கேள்விதான். ஆனால் அரசு ஊழியர் பதவிப் பெயரை மட்டும் நம்பி மனு போடுவதுதான் முதல் தவறு. அரசியல் சட்டத்தின் 14, 16ஆம் பிரிவுகள் சமநிலையில் உள்ளவர்களுக்கே சம நடத்தையைத் தருகின்றன. சமநிலையை நிரூபிக்கும் சுமை ஊழியருடையது. நியமன முறை, கல்வித் தகுதி, வேலையின் தன்மை, பொறுப்பு எல்லாவற்றையும் நீதிமன்றம் ஒப்பிடும். பட்டம் பெற்ற பொறியாளர்களுக்கு மட்டும் பதவி உயர்வு என்ற விதியை 1974இல் திரிலோகி நாத் கோசா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. அதேசமயம், துறை வேறு என்று மட்டும் சொல்லி நிர்வாகம் தப்ப முடியாது: டெல்லி காவல்துறை ஓட்டுநர் ரந்தீர் சிங் 1982இல் வென்றது பிற துறை ஓட்டுநர்களோடு ஒப்பிட்டுத்தான்.

ஆகவே முதலில் பணி விதிகள், ஊதிய அரசாணை, பணிப் பங்கீட்டு ஆணை ஆகியவற்றைத் திரட்டுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 30 நாளில் பதில் வர வேண்டும். சக ஊழியரின் பணிப் பதிவேட்டைக் கேட்டால் தனிப்பட்ட தகவல் என்று மறுப்பார்கள். பதவிக்கான விதிகளையும் ஊதிய விகிதத்தையும் கேளுங்கள்.

விதியை மீறி இன்னொருவருக்குத் தந்த சலுகையைக் காட்டி "எனக்கும் கொடு" என்பது செல்லாது. தவறில் சமத்துவம் கிடையாது.

அதிகம் பேர் வீழ்வது தாமதத்தில். மற்றவர்கள் வழக்காடி வென்ற பிறகு விழித்துக்கொள்பவர்களுக்கு அதே பலன் தானாகக் கிடைக்காது என்று 2014இல் அரவிந்த் குமார் ஸ்ரீவஸ்தவா தீர்ப்பு எச்சரித்தது. மனுமேல் மனு அனுப்பினாலும் காலாவதியான உரிமை உயிர்பெறாது. மத்திய அரசு ஊழியர் இறுதி ஆணை வந்த ஓராண்டுக்குள் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம் செல்ல வேண்டும். துறைக்குள் செய்த மேல்முறையீட்டுக்கோ முறையீட்டுக்கோ ஆறு மாதம் பதிலில்லை என்றால் அதற்குப் பின் ஓராண்டுக்குள் செல்ல வேண்டும். சம்பளக் குறைவு மாதாமாதம் தொடரும் பாதிப்பு என்பதால் பிந்தியும் வழக்கு நிற்கலாம், ஆனால் நிலுவை பொதுவாக மூன்றாண்டுக்கே. பணிமூப்பு, பதவி உயர்வுக்கு இந்தச் சலுகை இல்லை. அங்கே பாதிக்கப்படக்கூடிய சக ஊழியர்களை எதிர்மனுதாரராகச் சேர்க்கத் தவறினால் வழக்கே விழும்.

தற்காலிகப் பணியாளர்கள் ஊதியத்தையும் பணி நிரந்தரத்தையும் ஒரே கோரிக்கையாகக் குழப்பக் கூடாது. 2016 ஜக்ஜித் சிங் தீர்ப்பின்படி, நிரந்தர ஊழியரின் அதே வேலையைச் செய்பவருக்கு அந்த ஊதிய விகிதத்தின் குறைந்தபட்சம் உண்டு. நிரந்தரத்துக்கோ, முறையான தேர்வின்றிச் சேர்ந்தவர்கள் அதை உரிமையாகக் கோர முடியாது என்ற 2006 உமாதேவி தீர்ப்பு பெரிய தடை. இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள், ஊதியத்தை முதலில் வையுங்கள்.

தனியார் நிறுவன ஊழியர் 14ஆம் பிரிவைத் தூக்கிக்கொண்டு உயர் நீதிமன்றம் போக வேண்டாம். அது அரசையும் அரசு சார்ந்த அமைப்புகளையுமே கட்டுப்படுத்தும். தனியார் ஊழியர்களுக்கான வழி தொழிலாளர் சட்டங்கள்.