படபடப்பிலிருந்து உடம்பை இறக்கிக் கொண்டுவருவது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கான செய்முறை

மேலாளரிடமிருந்து ஒரு போன். இரண்டு நிமிடம்தான் பேசினார், வைத்துவிட்டார். ஆனால் அரை மணி நேரம் கழித்தும் நெஞ்சு படபடக்கிறது, வயிற்றைப் பிசைகிறது, சோறு இறங்கவில்லை, வீட்டில் யாராவது "என்னாச்சு?" என்று கேட்டால் எரிந்து விழுகிறோம். போன் வந்தபோது இதயம் வேகமாகத் துடித்ததில் தப்பே இல்லை, உடம்பு தன் வேலையைத்தான் செய்தது. வெகுநேரம் ஆகியும் அது பழைய நிலைக்குத் திரும்பாமல் இருப்பதும், அதுவே தினசரி வழக்கமாகிவிடுவதும்தான் தூக்கத்தையும் செரிமானத்தையும் ரத்த அழுத்தத்தையும் மெல்ல மெல்லக் கெடுக்கிறது. "மனசை அமைதியா வெச்சுக்கோ" என்று எல்லோரும் சொல்வார்கள், எப்படி என்றுதான் சொல்ல மாட்டார்கள். அந்த 'எப்படி'யை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் உள்விவரம், இது தெரிந்தால்தான் பயிற்சி ஏன் இந்த வரிசையில் இருக்கிறது என்று புரியும். நம் கட்டளைக்குக் காத்திருக்காமல் இதயம், குடல், வியர்வை எல்லாவற்றையும் நடத்துவது தானியங்கு நரம்பு மண்டலம். அதில் பரிவு நரம்புகள் உடம்பை முடுக்கிவிடும், எதிர்ப்பரிவு நரம்புகள் தணிக்கும். தணிக்கும் பக்கத்தின் பெரிய நரம்பு வேகஸ், மூளையின் அடியிலிருந்து கிளம்பி கழுத்து, இதயம், நுரையீரல் வழியாகக் குடல் வரை போகிறது. இதயத்தை அதன் போக்கில் விட்டால் நிமிடத்துக்கு 100 முறை அளவில் துடிக்கும், வேகஸ்தான் அதை எழுபது பக்கம் இழுத்துப் பிடித்து வைத்திருக்கிறது. இதய மாற்று அறுவை சிகிச்சையில் இந்த நரம்பு அறுபட்டுவிடுவதால், அப்படிப்பட்டவர்களுக்குச் சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட நாடி சற்று வேகமாக இருக்கும். 1921இல் ஓட்டோ லோவி என்ற விஞ்ஞானி ஒரு தவளையின் இதயத்தில் வேகஸைத் தூண்டிவிட்டு, அந்த இதயம் இருந்த திரவத்தை எடுத்து இன்னொரு இதயத்தில் விட்டபோது அதுவும் மெதுவானது. நரம்பு ஒரு ரசாயனத்தைக் கசியவிட்டுத்தான் வேலை செய்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. அந்த ரசாயனம் அசிட்டைல்கோலின்.

இப்போது முக்கியமான விஷயம். உடம்பை முடுக்குபவையும் தணிப்பவையும் எல்லாம் ஒரே வேகத்தில் வேலை செய்வதில்லை. வேகஸின் பிடி அடுத்த துடிப்பிலேயே தெரியும். பதற்றத்தில் சுரந்து ரத்தத்தில் கலந்த அட்ரினலின் என்ற ஹார்மோன் அடங்கச் சில நிமிடங்கள் பிடிக்கும். கார்ட்டிசால் என்ற இன்னொரு பதற்ற ஹார்மோன் இன்னும் மெதுவானது, சம்பவம் தொடங்கி 20, 30 நிமிடம் கழித்துத்தான் உச்சத்துக்கே வரும், தணிய ஒரு மணி நேரத்துக்கு மேல்கூட ஆகலாம். அதனால் "மூச்சு விட்டுப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை" என்று இரண்டாவது நிமிடத்திலேயே விட்டுவிடாதீர்கள். நொடிகளுக்கு ஒரு வழி, நிமிடங்களுக்கு ஒரு வழி, இரவுக்கு ஒரு வழி என்று தனித்தனியாகப் பழக வேண்டும்.

படி 1: நாடியைப் பிடியுங்கள்

மணிக்கட்டில், கட்டைவிரலுக்கு நேர் கீழே ஒரு பள்ளம் இருக்கும். அங்கே ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மெதுவாக வையுங்கள். கட்டைவிரலால் பிடிக்க வேண்டாம், அதற்கே ஒரு துடிப்பு உண்டு என்பதால் குழப்பும். அழுத்தினால் துடிப்பு மறைந்துவிடும், லேசாக வைத்தால் போதும். காலையில் படுக்கையை விட்டு எழுவதற்கு முன் 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்கினால் உங்கள் ஓய்வு நாடி கிடைக்கும். பெரியவர்களுக்கு 60 முதல் 100 வரை இயல்பு.

அப்புறம் விரலை எடுக்காமல் மெதுவாக மூச்சை இழுங்கள், மெதுவாக விடுங்கள். இழுக்கும்போது துடிப்புகள் கொஞ்சம் நெருங்கி வரும், விடும்போது ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு வரும். மூச்சை உள்ளே இழுக்கையில் வேகஸ் பிடியைத் தளர்த்துகிறது, வெளியே விடுகையில் மறுபடி பிடிக்கிறது. இதை உங்கள் விரல் நுனியிலேயே உணர முடிகிறது என்பதுதான் எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த பகுதி. இளவயதினருக்கு நன்றாகவே தெரியும். வயதாக ஆகக் குறையும். நீண்ட நாள் சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு இந்த நரம்புகளே பாதிக்கப்பட்டிருக்கலாம் என்பதால் அவர்களுக்குத் தெரியாமல் போகலாம், இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரைகளும் கணக்கை மாற்றும்.

படி 2: மூச்சை நீளமாக வெளியே விடுங்கள்

நிமிர்ந்து உட்காருங்கள், நாற்காலியே போதும். ஒரு கையை வயிற்றில் வைத்து, மூக்கு வழியாக நான்கு எண்ணும் வரை இழுங்கள், ஆறு எண்ணும் வரை விடுங்கள். ஒரு சுற்றுக்குப் பத்து நொடி, ஆக நிமிடத்துக்கு ஆறு மூச்சு. ஐந்து நிமிடம் செய்யுங்கள். மூச்சை அடக்க வேண்டாம், ஆழமாக இழுக்க முக்க வேண்டாம். புதிதாகச் செய்பவர்களில் பலர் வெளியே விடுவதை மறந்துவிட்டு நெஞ்சு புடைக்க இழுத்துக்கொண்டே இருப்பார்கள், அப்படிச் செய்தால் தலை சுற்றும். சுற்றினால் நிறுத்திவிட்டுச் சாதாரணமாக மூச்சு விடுங்கள், நாளைக்கு மூன்று - நான்கு என்று குறைத்துத் தொடங்கலாம்.

எண்ணுவது பிடிக்காதவர்கள் ஜபமாலை உருட்டலாம், மந்திரம் சொல்லலாம். 2001இல் இத்தாலிய ஆய்வாளர்கள் லத்தீன் மரியன்னை ஜெபத்தையும் 'ஓம் மணி பத்மே ஓம்' என்ற மந்திரத்தையும் சொல்லவைத்துப் பார்த்தபோது இரண்டிலுமே மூச்சு நிமிடத்துக்கு ஆறு என்ற வேகத்துக்கு வந்து நின்றது.

பதற்றம் இல்லாத நேரத்தில்தான் இதைப் பழக வேண்டும். சண்டைக்கு நடுவில் முதல் தடவையாக முயன்றால் வராது.

படி 3: உடம்புக்கு வேலை கொடுங்கள்

அட்ரினலின் தசைகளை ஓடவோ அடிக்கவோ தயாராக்கிவிட்டது, நாமோ நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து அதே மின்னஞ்சலைத் திரும்பத் திரும்பப் படிக்கிறோம். எழுந்து பத்து நிமிடம் நடங்கள், லிஃப்ட் வேண்டாம், படியில் இறங்குங்கள். நடக்க இடம் இல்லையா, 1920களில் எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் வகுத்த தசைத் தளர்வு முறையைச் சுருக்கமாகச் செய்யலாம். கை முஷ்டியை ஐந்து நொடி இறுக்கி, சட்டென விட்டு, இருபது நொடி அந்தத் தளர்வைக் கவனியுங்கள். அதே போலத் தோளைக் காது வரை தூக்கி விடுங்கள், அப்புறம் பல்லைக் கடித்துத் தாடையை விடுங்கள். தாடையில் எவ்வளவு இறுக்கம் சேர்ந்திருந்தது என்று அப்போதுதான் தெரியும். ரத்த அழுத்தம் இருப்பவர்கள் லேசாக இறுக்கினால் போதும், மூச்சையும் பிடிக்கக் கூடாது.

இந்தப் பத்து நிமிடத்தில் அந்தச் சம்பவத்தைப் பற்றி யாருக்கும் வாட்ஸ்அப் அனுப்ப வேண்டாம். திரும்ப எழுதும்போது உடம்பு அதைப் புதிதாக நடப்பதாகவே எடுத்துக்கொண்டு மறுபடி முடுக்கிவிடும்.

படி 4: சாயங்காலத்தைச் சரிசெய்யுங்கள்

ஆழ்ந்த தூக்கத்தில்தான் தணிக்கும் பக்கம் முழுசாகக் கை ஓங்கும், நாடியும் ரத்த அழுத்தமும் இறங்கும். அதைக் கெடுப்பதில் முதலிடம் காபிக்கு. குடித்த காஃபினில் பாதி வெளியேறவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும், கர்ப்பிணிகளுக்கு இன்னும் அதிகம். சாயங்காலம் ஐந்து மணிக்கு டிகிரி காபி குடித்தால் இரவு பத்து மணிக்கும் பாதி உடம்பிலேயே இருக்கும். மதியத்தோடு நிறுத்துங்கள், ஒரேயடியாக விட்டால் தலைவலி வரும், ஒவ்வொரு டம்ளராகக் குறையுங்கள். எழும் நேரத்தை ஞாயிற்றுக்கிழமையும் மாற்ற வேண்டாம், தூங்கும் நேரம் அதுவாகவே வந்து சேரும்.

படி 5: எழுதி வையுங்கள்

தினமும் ஒரே ஒரு வரி போதும். காலை நாடி எத்தனை, படபடப்பு ஏதாவது வந்ததா, வந்தால் அடங்க எவ்வளவு நேரம் ஆனது. இந்த மூன்றாவது எண்ணைத்தான் கவனிக்க வேண்டும். கோபமே வராத ஆளாக மாறுவது இலக்கு இல்லை, வரட்டும். நாற்பது நிமிடம் ஆனது இருபது நிமிடம் ஆகிறதா என்று பாருங்கள், அதற்குச் சில வாரங்கள் கொடுங்கள். காய்ச்சல், தூக்கமில்லாத இரவு, மாதவிடாய் எல்லாம் காலை நாடியை ஏற்றி இறக்கும், ஒரு நாள் எண்ணை வைத்துக் கலங்க வேண்டாம்.

ஓய்வில் இருக்கும்போதே நாடி 100க்கு மேல் தொடர்ந்து இருந்தால், மயக்கம் வந்தால், மூச்சுப் பயிற்சியை ஓரம் வைத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள். தைராய்டு, ரத்தசோகை இரண்டும் அச்சு அசல் பதற்றம் போலவே படபடக்க வைக்கும், ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். நெஞ்சுவலி என்றால் காத்திருக்கவே கூடாது, உடனே 108. பதற்றம் வாரக்கணக்கில் விடாமல் தின்கிறது, வாழ்வே வெறுத்துப்போகிறது என்றால் இந்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.