சர்வரில் நெட்வொர்க் விட்டுவிட்டு அறுகிறதா? கார்டை மாற்றும் முன் இவற்றைப் பாருங்கள்

லினக்ஸ் சர்வரின் நெட்வொர்க் கார்டு அடியோடு செத்துவிட்டால் வேலை சுலபம். எப்போதாவது சில நொடி அறுந்து, தானாகவே திரும்பி வரும் கார்டுதான் ஆளைப் படுத்தும். அவசரப்பட்டுப் புதுக் கார்டு போட்டால், பல நேரம் அதிலும் அதே தொல்லை தொடரும். கேபிள், ஸ்விட்ச் போர்ட், ஸ்லாட், டிரைவர் ஆகியவை கெட்டாலும் வெளியே தெரிவது ஒரே மாதிரிதான். ஆனால் ஒவ்வொன்றும் விட்டுச்செல்லும் தடயம் வேறு.

முதலில் அறுந்த நேரத்தின் கெர்னல் லாகை (லினக்ஸின் மையப் பகுதி எழுதும் பதிவு) பாருங்கள். ‘லிங்க் டவுன்’, சில நொடியில் ‘லிங்க் அப்’ என்று வந்திருந்தால் கேபிள், கனெக்டர், ஸ்விட்ச் போர்ட் பக்கம் போங்கள். ‘நெட்டெவ் வாட்ச்டாக்’ என்று தொடங்கி, டிரான்ஸ்மிட் கியூ (அனுப்பக் காத்திருக்கும் பாக்கெட் வரிசை) டைம் அவுட் ஆனதாகச் சொன்னால், லிங்க் இருந்தும் கார்டு பாக்கெட்டை வெளியே தள்ளவில்லை என்று பொருள். அங்கே டிரைவர், ஃபர்ம்வேர், மின்சேமிப்பு அமைப்புகளைச் சந்தேகிக்க வேண்டும். ஸ்விட்ச் லாகையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். இரண்டிலும் கடிகாரம், நேரத்தை ஒத்திசைக்கும் என்டிபி வழியாகச் சரியாக இருந்தால்தான் இந்த ஒப்பீடு உதவும்.

லாகில் எதுவுமே இல்லையென்றால் எண்ணிக்கைகளைப் பார்க்க வேண்டும். கார்டின் நிலையைக் காட்டவும் மாற்றவும் உதவும் எத்டூல் கட்டளையோடு பெரிய எழுத்து ‘எஸ்’ சேர்த்து இயக்கி, வருவதைச் சேமியுங்கள். 10 நிமிடம் கழித்து மறுபடி எடுத்து, வித்தியாசத்தை மட்டும் பாருங்கள். மொத்த எண் பெரிதாக இருப்பது போன மாதம் யாரோ கேபிளை ஆட்டியதால்கூட இருக்கலாம்.

சிஆர்சி பிழை (பாக்கெட்டின் சரிபார்ப்பு எண் பொருந்தாதது) ஏறினால், வரும் பாக்கெட் வழியில் சிதைகிறது. முதலில் கேபிள், அடுத்து ஸ்விட்ச் போர்ட், கடைசியில் கார்டு என்று ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டைச் சேர்த்து மாற்றினால் தொல்லை தீரலாம், காரணம் தெரியாது. வேகத்தையும் கவனியுங்கள். ஜிகாபிட் லிங்க்குக் கேபிளின் 4 ஜோடிக் கம்பிகளும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு 2 போதும். ஜிகாபிட் லிங்க் 100-க்கு இறங்கி நின்றால் பெரும்பாலும் ஒரு ஜோடி அறுந்திருக்கும், அல்லது ஆர்ஜே45 முனை சரியாகக் கிரிம்ப் ஆகியிருக்காது. ஒரு பக்கம் ‘100 ஃபுல்’ என்று கையால் பூட்டி, மறுபக்கத்தை ஆட்டோவில் (இரு முனையும் பேசி வேகத்தை முடிவுசெய்யும் முறை) விட்டால், ஆட்டோ பக்கம் ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு, அதாவது ஒரு நேரத்தில் ஒரு திசையில் மட்டும் பேசும் முறைக்குப் போய்விடும். அங்கே லேட் கொலிஷன் (தாமதமாக நேரும் பாக்கெட் மோதல்), பூட்டிய பக்கத்தில் சிஆர்சி பிழை ஏறும். இரண்டு பக்கமும் ஆட்டோவிலேயே இருக்கட்டும்.

‘மிஸ்ட்’ (தவறவிட்ட பாக்கெட்) வகை எண்கள் ஏறினால் கேபிளைத் தொட வேண்டாம். கார்டுக்கு வந்த பாக்கெட்டைச் சர்வர் எடுத்து முடிப்பதற்குள் இடம் நிரம்பிவிடுகிறது. இன்டெல் ஐஜிபி டிரைவரில் ரிங் பஃபர் (பாக்கெட்டுகள் காத்திருக்கும் இடம்) இயல்பாக 256. 4096 வரை கூட்டலாம். கூட்டும்போது லிங்க் ஒருமுறை விழுந்து எழும் என்பதால், ஆள் நடமாட்டம் குறைந்த நேரத்தில் செய்யுங்கள்.

வாட்ச்டாக் செய்தி வந்த கார்டுக்கு இந்த வரிசை. இன்டெல் ஐ219 போன்ற ஆன்போர்டு கார்டில் ‘ஹார்ட்வேர் யூனிட் ஹேங்’ என்று லாகில் கண்டால், டிஎஸ்ஓ, ஜிஎஸ்ஓ (பெரிய தரவைப் பாக்கெட்டுகளாகப் பிரிப்பதைத் தள்ளிப்போட்டு சிபியு சுமையைக் குறைக்கும் வசதிகள்) இரண்டையும் அணைத்துப் பாருங்கள். சிபியு வேலை கொஞ்சம் கூடும், ஆனால் இது பல இடங்களில் கைகொடுத்த வழி. அடுத்து இஇஇ என்னும் ஈதர்நெட் மின்சேமிப்பை அணையுங்கள். பிறகு பயோஸிலோ கெர்னல் பூட் வரியிலோ ஏஎஸ்பிஎம்மை (பிசிஐ இணைப்பின் மின்சேமிப்பு) நிறுத்துங்கள். எத்டூலில் மாற்றியது ரீபூட்டில் போய்விடும். பலன் தந்த மாற்றத்தை நெட்வொர்க் அமைப்புக் கோப்பில் எழுதிவையுங்கள். இதையெல்லாம் அதே கார்டு வழியாக எஸ்எஸ்எச்சில் (தொலைவிலிருந்து நுழையும் வழி) நுழைந்து செய்யாதீர்கள். அந்தக் கார்டை நம்பாமல் சர்வரைத் தனி வழியில் இயக்க உதவும் ஐபிஎம்ஐ கன்சோலைத் திறந்து வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

ஸ்லாட்டையும் விடக்கூடாது. பிசிஐ சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளை காட்டும் ‘லிங்க் கேப்’ (கார்டின் திறன்) வரியில் 8 லேன் (ஸ்லாட்டின் தரவுப் பாதை), ‘லிங்க் ஸ்டேட்டஸ்’ (இப்போதைய நிலை) வரியில் 1 லேன் என்று இருந்தால், அந்த ஸ்லாட்டில் மின்னிணைப்பு எத்தனை லேனுக்கு என்று மதர்போர்டு கையேட்டில் பாருங்கள். 8 லேனும் இருக்க வேண்டிய ஸ்லாட் என்றால் கார்டு சரியாக உட்காரவில்லை, இல்லை கால்கள் அழுக்கு. ரேக் சர்வரின் பலத்த காற்றோட்டத்தை நம்பிச் செய்த 10 ஜிகாபிட் கார்டைச் சாதாரண டவர் பெட்டியில் போட்டால், சுமை ஏறியதும் சூட்டில் தடுமாறும். ஹீட்சிங்க்கை நோக்கி ஒரு சிறு ஃபேன் வையுங்கள்.

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3-ஐ அரை மணி நேரம், இரண்டு திசையிலும் ஓட்டுங்கள். ஜிகாபிட்டில் சுமார் 940 மெகாபிட் நிலையாக வரவேண்டும், பிழை எண்கள் நகரக்கூடாது.

கார்டை வேறு சர்வரில் போட்டும் பிழை கூடவே போனால், அதை மாற்றத்தான் வேண்டும். இன்டெல் ஐ350 நான்கு போர்ட் கார்டில் போலிகள் ஏராளம், சந்தை விலையைவிட மிக மலிவாக வந்தால் வாங்காதீர்கள். புதிய கார்டை வேறு ஸ்லாட்டில் செருகினால் இன்டர்ஃபேஸ் பெயர் மாறலாம், மேக் முகவரி (கார்டின் தனி அடையாள எண்) கட்டாயம் மாறும். ரீபூட்டுக்கு முன்பே அமைப்புக் கோப்பு, டிஎச்சிபி ஒதுக்கீடு (மேக் முகவரிக்கென ஒதுக்கிய ஐபி), ஸ்விட்ச் போர்ட் செக்யூரிட்டி (அனுமதித்த மேக் முகவரியை மட்டும் ஏற்கும் கட்டுப்பாடு) மூன்றையும் திருத்திவிடுங்கள்.