800 மீட்டர் ஓட வேண்டுமா? முதல் சுற்றிலேயே பறக்காதீர்கள்

அண்ணன் மகள் இங்கே சிங்கப்பூரில் இந்த ஆண்டு உயர்நிலை ஒன்று. இணைப்பாட நடவடிக்கைக்குத் திடல்தடத்தை (ஓட்டம், தாண்டுதல், எறிதல்) தேர்ந்தெடுத்துவிட்டு என்னிடம் வந்தாள். "அத்தை, 800 ஓடணும்னா என்ன செய்யணும்?" நான் 13 வயதில் தொடங்கி 24 வயதில் நிறுத்தியவள். வாங்கிய பதக்கமெல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் அடங்கிவிடும். தப்பு மட்டும் நிறைய செய்திருக்கிறேன். அவளிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சாதாரண ஸ்டாப்வாட்ச் வாங்குங்கள். விலை உயர்ந்த காலணி அப்புறம். 800 என்பது டிராக்கில் இரண்டு சுற்று. அதை நான்கு 200 மீட்டராக மனத்தில் வெட்டிக்கொள்ள வேண்டும். இரண்டரை நிமிடத்தில் ஓட ஆசை என்றால் 36, 37, 38, 39 வினாடி என்று போகலாம். கூட்டினால் சரியாக 150. பின்பாதி கொஞ்சம் மெதுவாவது இந்த ஓட்டத்தில் சகஜம். கொஞ்சம்தான்.

15 வயதில் பள்ளிப் போட்டி ஒன்றில் முதல் சுற்றை 68 வினாடியில் ஓடினேன். பார்வையாளர் மேடையில் அப்பா எழுந்து நின்று கை தட்டினார். இரண்டாவது சுற்று 90. கடைசி வளைவில் தொடை இரண்டும் சிமெண்டு மாதிரி இறுகிப்போய், மூன்று பேர் என்னைத் தாண்டிப் போனார்கள். அப்பா எப்போது உட்கார்ந்தார் என்று எனக்குத் தெரியாது.

வாரத்துக்கு நான்கு நாள் போதும். ஒரு நாள் டிராக்கில் ஆறு முறை 200 மீட்டர், போட்டியில் ஓட நினைக்கும் வேகத்தில். நடுவே இரண்டு நிமிடம் நடை. ஒரு நாள் ஏற்றம். ஃபேபர் மலைச் சாலை இருக்கிறது. ஒரு நாள் சும்மா அரை மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை மெக்ரிட்சியிலோ பிடோக் நீர்த்தேக்கத்திலோ பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் 6 கிலோமீட்டர். பிள்ளைகள் இந்த ஞாயிறு ஓட்டத்துக்குத்தான் டிமிக்கி கொடுப்பார்கள். 800-க்கு வேண்டிய சக்தியில் பாதிக்கு மேல் மூச்சில் இழுக்கும் காற்றை வைத்துத்தான் கிடைக்கிறது. அந்தத் திறனை வளர்ப்பது இந்த மெதுவான ஓட்டம்தான்.

நம் ஊர் வெயிலையும் புழுக்கத்தையும் சொல்லவே வேண்டாம். காலையில் ஏழு மணிக்கு முன்பே முடித்துவிடுங்கள். சாயங்காலம் இடி மின்னல் எச்சரிக்கை வந்தால் "இன்னும் ஒரே ஒரு சுற்று" என்ற பேச்சே கூடாது.

போட்டியில் ஒரு சின்ன கணக்கு. முதல் வளைவு முடியும் வரை அவரவர் தடம்; கோட்டைத் தாண்டியதும் உள்ளே வரலாம். அங்கே சடாரென்று வெட்டி வராமல் எதிர்ப்பக்க நேர்க்கோடு முழுவதையும் பயன்படுத்திச் சாய்வாக வாருங்கள். வளைவில் இரண்டாம் தடத்திலேயே மாட்டிக்கொண்டால் ஒரு சுற்றுக்கு ஏழு மீட்டருக்கு மேல் கூடுதலாக ஓட வேண்டியிருக்கும். ஏழு மீட்டரில் பதக்கமே கைமாறிவிடும்.

இனி சொல்வதை அம்மாக்களும் படிக்க வேண்டும். 14 வயதிலிருந்து 17 வரை பெண் பிள்ளையின் உடம்பு மாறும். போன வருடம் ஓடிய நேரம் இந்த வருடம் வராமல் போகலாம். பலர் விட்டுவிடுவது இங்கேதான். எனக்கு 16 வயதில் ஒரு பயிற்றுவிப்பாளர், "மூணு கிலோ குறை, தானா வேகம் வரும்" என்றார். இரவுச் சாப்பாட்டை நிறுத்தினேன். ஏழு மாதம் மாதவிலக்கு வரவில்லை. படிப்பு டென்ஷன் என்று அம்மா நினைத்துக்கொண்டார். கடைசியில் முழங்காலுக்குக் கீழே எலும்பில் மயிரிழை விரிசல். அந்த ஆண்டின் போட்டிகளை வீட்டுக் கட்டடத்தின் கீழேயுள்ள வெற்றுத்தளத்தில் ஊன்றுகோலோடு உட்கார்ந்தே கழித்தேன். மூன்று மாதம் வராவிட்டால் மருத்துவரிடம் போங்கள். நிறைய ஓடுகிறாள், அதனால்தான் என்று யாராவது சமாதானம் சொன்னால் நம்பாதீர்கள்.

எப்போதும் சோர்வாக இருந்தால் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) ரத்தப் பரிசோதனைக்குக் கேளுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்புச்சத்தின் சேமிப்பு, அதாவது ஃபெரிட்டின், குறைந்திருக்கலாம். மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். தேக்கா சந்தையில் முருங்கைக்கீரை கிடைக்கிறது, எலுமிச்சை பிழிந்து சாப்பிடட்டும். சாப்பிட்ட கையோடு தே தாரிக் வேண்டாம். தேநீர் இரும்புச்சத்தை உடம்பில் அவ்வளவாகச் சேரவிடாது.

ஒரு ஓட்டக்காரி எவ்வளவு காலம் ஓடலாம்? நம் கே. ஜெயமணியைப் பாருங்கள். 1977-இல் கோலாலம்பூரில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுகளில் 1,500, 3,000 மீட்டர் இரண்டிலும் தங்கம். ஆறு வருடம் கழித்து 1983-இல் இங்கே சிங்கப்பூரில் மாரத்தானில் தங்கம். வயது ஏற ஏறத் தூரத்தையும் ஏற்றிக்கொள்ளலாம். 13 வயதில் 800 மெதுவாக வருகிறதே என்று அழ வேண்டாம். அவளுடைய தூரம் எது என்று அப்போது யாருக்கும் தெரியாது.

போன சனிக்கிழமை டிராக்கில் அண்ணன் மகளுக்கு நேரம் பார்த்தேன். முதல் சுற்று 84, இரண்டாவது 86. "அத்தை, இன்னும் ஓடலாம் போல இருந்துச்சு," என்றாள் மூச்சு வாங்க. காப்பிக்கடையில் உட்கார்ந்து மீ கோரெங்கைக் காலி செய்துவிட்டு, தே தாரிக் கேட்டாள். எலுமிச்சை ஜூஸ் வாங்கிக் கொடுத்தேன். முறைத்துக்கொண்டே குடித்தாள்.