ஆன்டிபயாடிக் கூட்டுச் சோதனை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எதிர்ப்புத்திறன் பெற்ற பாக்டீரியாவுக்கு எதிராக எந்த இரண்டு மருந்தைச் சேர்த்தாலும் வீரியம் கூடும் என்று நம்பித் தொடங்குவதுதான் முதல் தவறு. பென்சிலின் செல் சுவரைக் கட்டும் நொதிகளை முடக்குகிறது. வளர்ந்துகொண்டிருக்கும் பாக்டீரியாதான் அதற்குப் பலியாகும். டெட்ராசைக்ளின் ரைபோசோமில் (செல்லுக்குள் புரதம் தயாராகும் இடம்) புரத உற்பத்தியைத் தடுத்து வளர்ச்சியையே நிறுத்திவிடுகிறது. வளராத செல்லிடம் பென்சிலினுக்கு வேலை இல்லை. நியூமோகாக்கஸ் மூளையுறை அழற்சியில் பென்சிலினோடு குளோர்டெட்ராசைக்ளினும் பெற்றவர்களிடையே, பென்சிலின் மட்டும் பெற்றவர்களைவிட இறப்பு அதிகமாக இருந்தது 1951-லேயே பதிவாகியிருக்கிறது. என்டரோகாக்கஸ் பாக்டீரியாவில் கதை வேறு: ஆம்பிசிலின் சுவரைப் பலவீனமாக்க, ஜென்டாமைசின் உள்ளே நுழைகிறது. ஆனால் அந்தக் கிருமியின் ஜென்டாமைசின் எம்.ஐ.சி. (வளர்ச்சியைத் தடுக்கும் குறைந்தபட்சச் செறிவு) லிட்டருக்கு 500 மி.கி.யைத் தாண்டினால் இந்தக் கூட்டு பயன் தராது.

மருந்தைச் சிதைக்கும் எந்த எதிர்ப்பு நொதி கிருமியிடம் இருக்கிறது என்று பார்க்காமல், அந்த நொதியை முடக்கும் தடுப்பானைத் தேர்ந்தெடுப்பதும் தவறு. அவிபாக்டம் என்ற தடுப்பான் கே.பி.சி. நொதியை அடக்கும், துத்தநாகத்தைக் கொண்டு இயங்கும் என்.டி.எம். நொதியை அடக்காது. அஸ்ட்ரியோனாம் என்ற ஆன்டிபயாடிக்கை என்.டி.எம். சிதைப்பதில்லை, கூடவே இருக்கும் பிற பீட்டா-லாக்டமேஸ்கள்தான் (பென்சிலின் வகை மருந்துகளைச் சிதைக்கும் நொதிகள்) சிதைக்கின்றன. அவற்றை அவிபாக்டம் அடக்குவதால்தான் அஸ்ட்ரியோனாம்–அவிபாக்டம் கூட்டு என்.டி.எம். கிருமிகளிடம் பலிக்கிறது.

இனி, இரண்டு மருந்தையும் பல செறிவுகளில் சேர்த்துச் சோதிக்கும் 96 குழித் தட்டுக்கு வருவோம். இங்கே அதிகம் நடப்பது நீர்த்தல் கணக்குப் பிழை. ஒரு குழியில் முதல் மருந்து 50 மைக்ரோலிட்டர், இரண்டாவது 50, பாக்டீரியா 100 என்று ஊற்றினால் ஒவ்வொரு மருந்தும் நான்கு மடங்கு நீர்த்துப்போகும். ஆகவே இறுதிச் செறிவைப்போல் 4 மடங்கில் மருந்தைத் தயாரிக்க வேண்டும். தனி மருந்து வரிசைக்கு இரட்டிப்புச் செறிவைத் தயாரித்துவிட்டு, கூட்டு வரிசைக்கும் அதையே ஊற்றிவிடுகிறார்கள். பாக்டீரியாவை 0.5 மெக்ஃபார்லண்ட் (பாக்டீரியா அடர்த்தியைக் காட்டும் கலங்கல் அளவுகோல்) கலங்கலிலிருந்து 100 மடங்கு நீர்த்தால் மி.லி.க்கு ஏறத்தாழ 10 லட்சம் பாக்டீரியா; குழியில் அது 5 லட்சமாகும். அரை மணி நேரத்துக்குள் ஊற்றிவிடுங்கள். தாமதித்தால் எண்ணிக்கை பெருகும்; பீட்டா-லாக்டமேஸ் சுரக்கும் கிருமியாக இருந்தால் எம்.ஐ.சி.யும் பொய்யாக ஏறும்.

முடிவைப் படிக்கும் இடத்தில்தான் கூடுதல் கவனம் தேவை. இரண்டு மருந்துக்கும் தனியாக எம்.ஐ.சி. 16, 8 என்றும், சேர்ந்தபோது 4, 2 என்றும் வந்தால் கூட்டுக் குறியீடு 4/16 + 2/8 = 0.5. இது 0.5 அல்லது அதற்குக் கீழே என்றால் கூட்டு வலுப்பெறுகிறது. 4-க்கு மேல் என்றால் ஒன்றையொன்று கெடுக்கிறது. இடைப்பட்டது என்றால் வலுவும் இல்லை, கெடுதலும் இல்லை. இரட்டிப்பு நீர்த்தலில் எம்.ஐ.சி. ஒரு குழி முன்பின் நகர்வது இயல்பு. மேலே 16 என்று படித்தது மறுநாள் 8 என வந்தால் குறியீடு 0.75 ஆகி, கண்ட வலு காணாமல்போகும். அதனால் தனி மருந்து வரிசைகளை அதே தட்டில், அதே நாளில் வையுங்கள். மூன்று முறையாவது திரும்பச் செய்யுங்கள். 0.75-ஐ "ஓரளவு வலு" என்று எழுதுவதை நாங்கள் ஏற்பதில்லை.

சில மருந்துகளுக்குத் தனி நிபந்தனை உண்டு. டாப்டோமைசினுக்கு ஊடகத்தில் கால்சியம் லிட்டருக்கு 50 மி.கி. வேண்டும். கோலிஸ்டின் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். அதைத் தவிர்க்கவென்று பாலிசார்பேட் 80 (சோப்பு போன்ற பொருள்) சேர்க்காதீர்கள், எம்.ஐ.சி. செயற்கையாக இறங்கிவிடும்.

தட்டில் வளர்ச்சி தெரியாவிட்டால் கிருமி செத்துவிட்டது என்று பொருளல்ல. அதற்கு 24 மணி நேரக் கொல்திறன் சோதனை வேண்டும்: தனியாக அதிகம் வேலை செய்த மருந்தைவிட கூட்டில் உயிருள்ள எண்ணிக்கை 100 மடங்காவது குறைய வேண்டும். எண்ணுவதற்காக எடுத்த மாதிரியை நீர்க்காமல் அப்படியே அகாரில் (பாக்டீரியா வளர்க்கும் கூழ்) தடவினால், ஒட்டிவந்த மருந்து அங்கேயும் வளர்ச்சியைத் தடுத்து, பூஜ்யம் என்று காட்டும். நீர்த்தோ, கழுவியோ தடவுங்கள்.