காலையில் ஒரு முறை அடுப்பு, நாள் முழுக்கச் சாப்பாடு: வெயில் காலச் சமையல் செய்முறை

வெயில் காலத்தில் சமையல் என்றாலே அலுப்புத் தட்டுவதற்கு வேலை காரணமில்லை, அடுப்புச் சூடுதான் காரணம். காய் நறுக்குவதையும் கலக்குவதையும் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தபடி செய்துவிடலாம். கொதிக்கிற பாத்திரத்துக்குப் பக்கத்தில் நிற்பதுதான் ஆளை வாட்டிவிடுகிறது. தீயைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், ஆவி அதைவிட மோசம். காற்றில் ஈரம் ஏறினால் வியர்வை காயாது, வியர்வை காயாவிட்டால் உடம்பு குளிராது. அதனால் இந்த மாதங்களில் நான் கவனிப்பது இரண்டே விஷயம். அடுப்பு எரியும் நேரம் குறைய வேண்டும், மூடியில்லாமல் எதுவும் கொதிக்கக் கூடாது.

காலையில் வெயில் ஏறுவதற்குள் ஒரே ஒரு முறை அடுப்பைப் பற்றவைத்துக் கொண்டைக்கடலையும் முட்டையும் வேகவைத்துக்கொள்வோம். மதியத்துக்கு ஒரு சாலட், கூடவே ஒரு குளிர்ந்த தயிர் சூப். இரவுக்கு வெந்நீர் மட்டும் போதும், நூடுல்ஸ் தயார். எல்லாமே 2 பேருக்கான அளவு.

முந்தின இரவு

ஒரு கப் (சுமார் 200 கிராம்) வெள்ளைக் கொண்டைக்கடலையைக் கழுவி, 3 கப் தண்ணீரும் அரை டீஸ்பூன் உப்பும் சேர்த்து ஊறப் போடுங்கள். உப்புப் போட்டால் கடலை வேகாது என்று சிலர் பயமுறுத்துவார்கள். ஊறுகிற தண்ணீரில் போடும் உப்பு தோலை மிருதுவாக்கத்தான் செய்யும், தாராளமாகப் போடலாம்.

மற்ற நாட்களில் இதை மேடையிலேயே விட்டுவிடலாம். வெயில் காலத்தில் வேண்டாம், விடிவதற்குள் நுரை கட்டிப் புளித்த வாடை வந்துவிடும். ஃப்ரிட்ஜில் வையுங்கள். அங்கே கொஞ்சம் மெதுவாக ஊறும், அதனால் 12 மணி நேரம் கொடுப்பது நல்லது.

காலையில் அடுப்பு வேலை

1. ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, கடலை மூழ்கி ஒரு விரல்கட்டை மேலே நிற்கும்படி புதுத் தண்ணீர் ஊற்றிக் குக்கரில் வையுங்கள். பயறு வகைகள் வேகும்போது நுரைத்துப் பொங்கும் என்பதால் குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. முதல் விசில் வந்ததும் தீயைச் சிம்மில் வைத்து, 15 முதல் 20 நிமிடத்தில் அணைத்துவிடுங்கள்.

2. பிரஷர் தானாக இறங்கட்டும். அவசரப்பட்டு விசிலைத் தூக்கினால் அத்தனை ஆவியும் சமையலறையில்தான் நிறையும். அதோடு, அடுப்பு அணைந்த பிறகும் உள்ளே கடலை வெந்துகொண்டுதான் இருக்கும், அந்தச் சூடு இலவசம். திறந்ததும் ஒரு கடலையை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே நசுக்கிப் பாருங்கள். நடுவில் கல் மாதிரி எதுவும் தட்டுப்படாமல் மாவாக நசுங்க வேண்டும், ஆனால் நசுக்கும்வரை உருண்டையாகவே இருக்க வேண்டும்.

3. பக்கத்து அடுப்பில் முட்டை. 4 முட்டைகளைப் பாத்திரத்தில் ஒரே அடுக்காக வைத்து, மூழ்கும் அளவுக்கு மேலேயே தண்ணீர் ஊற்றி மூடுங்கள். நன்றாகக் கொதி வந்த உடனே அடுப்பை அணைத்துவிட்டு, மூடியைத் திறக்காமல் 12 நிமிடம் விடுங்கள். மஞ்சள் கரு கெட்டியாக வெந்திருக்கும். அப்புறம் குளிர்ந்த தண்ணீரில் போட்டால் ஓடும் சுலபமாக உரியும்.

கடலைக்குப் பதிலாக ராஜ்மா போடலாமா என்றால், போடலாம். ஆனால் அதைச் சூட்டிலேயே ஊறவிட்டு வேகவைக்கும் குறுக்கு வழி மட்டும் கூடாது. ராஜ்மாவில் இருக்கும் லெக்டின் என்ற நச்சுப் பொருள் நன்றாகக் கொதித்தால்தான் அழியும். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, குறைந்தது 10 நிமிடமாவது தளதளவென்று கொதிக்க வேண்டும். அரைவேக்காட்டு ராஜ்மா வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் கொண்டுவந்துவிடும்.

ஆறவைப்பது

புதிதாகச் சமைப்பவர்கள் அதிகம் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். வெந்த பொருள் 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடையில் இருக்கும்வரை அதில் கிருமிகள் வேகமாகப் பெருகும். சாதாரண நாளில் சமைத்த உணவு 2 மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் போய்விட வேண்டும். வெளியே 32 டிகிரிக்கு மேல் இருந்தால் 1 மணி நேரம்தான் கணக்கு.

ஆழமான பாத்திரத்தில் அப்படியே விட்டால் நடுப்பகுதி மணிக்கணக்கில் சூடாகவே இருக்கும். கடலையை வடித்து அகலமான தட்டில் பரப்புங்கள். அந்தத் தட்டைத் தண்ணீர் ஊற்றிய பெரிய தாம்பாளத்தில் வைத்தால் இன்னும் சீக்கிரம் ஆறும். கைபொறுக்கும் சூடு வந்ததும் மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாம்.

சோற்றுக்கும் இதே விதிதான், கொஞ்சம் கூடுதல் கண்டிப்போடு. அரிசியில் இருக்கும் பேசில்லஸ் செரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதியிலும் சாகாமல் தப்பிவிடும். சோறு வெளியிலேயே கிடந்தால் அவை முளைத்து நச்சை உண்டாக்கும். மறுபடி சுடவைத்தாலும் அந்த நச்சு போகாது.

மதியம்: கொண்டைக்கடலை சாலட்

தேவையானவை: வெந்த கடலை 2 கப், வெள்ளரிக்காய் 1, தக்காளி 1, சின்னதாக ஒரு பெரிய வெங்காயம், வேகவைத்த முட்டை 2, ஒரு கைப்பிடி மல்லித்தழை.

வெங்காயத்தை மெல்லிசாக அரிந்து குளிர்ந்த தண்ணீரில் 10 நிமிடம் போட்டு வடித்துவிடுங்கள், காரநெடி அடங்கிவிடும். வெள்ளரியில் காம்புப் பக்கத்துத் துண்டு ஒன்றைக் கடித்துப் பாருங்கள். லேசாகக் கசந்தால் அந்த முனையை மட்டும் தள்ளலாம். கடுங்கசப்பு என்றால் காயையே குப்பையில் போடுங்கள். அந்தக் கசப்பு குகர்பிட்டசின் என்ற பொருளால் வருவது, அதிகமானால் வயிற்றைக் கெடுக்கும்.

ஒரு மூடி போட்ட பாட்டிலில் எலுமிச்சைச் சாறு 2 டேபிள்ஸ்பூன், நல்ல எண்ணெய் எதுவானாலும் 2 டேபிள்ஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், மிளகுத்தூள் கொஞ்சம், வறுத்துப் பொடித்த சீரகம் அரை டீஸ்பூன் எல்லாவற்றையும் போட்டுக் குலுக்குங்கள். முதலில் இதைக் கடலையில் மட்டும் ஊற்றிப் பிரட்டி 15 நிமிடம் விடுங்கள். கடலை புளிப்பை உள்ளே இழுத்துக்கொள்ளும். வெள்ளரியும் தக்காளியும் சாப்பிடப் போகும்போதுதான் சேர வேண்டும். முன்கூட்டியே சேர்த்தால் உப்புப் பட்டுத் தண்ணீர் விட்டு எல்லாம் சொதசொதவென்று ஆகிவிடும். முட்டையை நான்காக வெட்டி மேலே வையுங்கள்.

குளிர்ந்த பதார்த்தத்தில் சுவை கொஞ்சம் மங்கித்தான் தெரியும். அதனால் உப்பு, புளிப்பு சரியா என்று ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பிறகு ஒரு தடவை ருசி பார்த்துவிட்டுப் பரிமாறுங்கள்.

கூடவே: வெள்ளரி தயிர் சூப்

இதற்கு அடுப்பே வேண்டாம். ஒரு வெள்ளரிக்காயைத் துருவி, கால் டீஸ்பூன் உப்புப் பிசறி 10 நிமிடம் வையுங்கள். கையால் பிழிந்தால் அரை டம்ளர் அளவுக்குக்கூடத் தண்ணீர் இறங்கும். அதைக் கொட்டாதீர்கள், வெள்ளரி வாசனை முழுக்க அதில்தான் இருக்கிறது. ஒன்றரை கப் குளிர்ந்த தயிரை அந்தத் தண்ணீர் விட்டே கடைந்து, பிழிந்த துருவலையும், நசுக்கிய ஒரு சின்னப் பூண்டுப் பல்லையும், பொடியாக அரிந்த புதினாவையும் சேர்த்துக் கலக்குங்கள். கெட்டியாகத் தெரிந்தால் கொஞ்சம் ஐஸ் தண்ணீர். உப்பு ஏற்கெனவே அந்தச் சாற்றில் இருப்பதால் ருசி பார்க்காமல் மேலும் போட வேண்டாம். பச்சைப் பூண்டு நேரமாக ஆகத் தூக்கலாகிவிடும், ஆகவே அன்றன்றைக்குக் கலந்து அன்றைக்கே குடித்துவிடுவதுதான் சரி.

இரவு: ஊறவைத்த அரிசி நூடுல்ஸ்

மெல்லிய அரிசி நூடுல்ஸ் 150 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். எலக்ட்ரிக் கெட்டிலில் கொதிக்கவைத்த தண்ணீரை அதன்மேல் ஊற்றித் தட்டுப் போட்டு மூடிவையுங்கள். 3 நிமிடத்தில் ஓர் இழையைக் கடித்துப் பாருங்கள், வேண்டுமானால் இன்னும் ஓரிரு நிமிடம் விடலாம். பதம் வந்ததும் வடித்து, குளிர்ந்த தண்ணீரில் அலசுங்கள். மேலே இருக்கும் மாவு போனால்தான் கட்டிகட்டியாக ஒட்டாது.

2 டேபிள்ஸ்பூன் வறுத்த வேர்க்கடலையை ஒன்றிரண்டாகப் பொடித்து, எலுமிச்சைச் சாறு, சோயா சாஸ், ஒரு சிட்டிகை சர்க்கரை, ஒரு ஸ்பூன் எண்ணெய் சேர்த்து நூடுல்ஸில் பிரட்டுங்கள். துருவிய கேரட், மீதி இருக்கும் 2 முட்டை, காலையில் வேகவைத்ததில் மிச்சமுள்ள கடலை எது இருந்தாலும் போடலாம். சோயா சாஸிலேயே உப்பு நிறைய உண்டு, தனியாகப் போட வேண்டாம்.

இத்தனைக்குப் பிறகும் கடலை மீந்தால், மசாலா எதுவும் கலக்காததை மட்டும் மூடி போட்ட டப்பாவில் ஃப்ரிட்ஜில் வைத்து 3 நாளைக்குள் தீர்த்துவிடுங்கள். உரிக்காத முட்டை ஒரு வாரம்வரை ஃப்ரிட்ஜில் தாங்கும்.