செய்த கையோடு எழுதட்டும்

ஒரு 1.5 வோல்ட் பேட்டரி, ஒரு டார்ச் பல்பு, இரு முனையும் சீவிய ஒரே ஒரு ஒயர். இவற்றை மாணவர்களிடம் கொடுத்து, பல்பை எரியவைக்கச் சொல்லுங்கள். பலர் பல்பின் அடிமுனையை மட்டுமே தொட்டுப் பார்ப்பார்கள், எரியாது. உடனே சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள் (எனக்கும் கை பரபரக்கும்தான்). பல்பின் உலோகப் பக்கமும் மின்சுற்றில் சேர வேண்டும் என்பதை அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

அப்புறம், செய்த கையோடு எழுதச் சொல்லுங்கள். மறுநாளைக்குத் தள்ளினால் பாடப்புத்தக வரிதான் வரும். "இன்று வகுப்புக்கு வராத நண்பன் இதைப் படித்துத் தானே செய்ய வேண்டும்" என்று சொன்னால் போதும், எரியாத முயற்சிகளும் படத்தோடு வந்துவிடும். எழுத்துப்பிழை பிறகு. எழுதியதை இன்னொரு மாணவரிடம் கொடுத்து அப்படியே செய்துபார்க்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறுகிற வரியை எழுதியவரே திருத்திக்கொள்வார்.